கனமூலை வீட்டுக்கு வந்த பழைய வைஃபை

பழைய மெஷ் செட் வாங்கலாமா என்று வாடிக்கையாளர் ஒருவர் கேட்டால் வைஃபை போடுகிற தொழிலுக்கு வந்திருக்கும் உங்களில் பாதிப்பேர் யோசிக்காமலே வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள். நான் அப்படிச் சொன்னதில்லை, இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஒரே வைஃபையை மூன்று பெட்டிகள் கைமாற்றிக் கொடுத்து வீடு முழுக்கப் பரப்புகிற சாமான் அது. நாலு வருடம் பழசானாலும் அந்த வேலையைச் செய்யும். நான் தவறியது வாங்கச் சொன்னதில் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததில்தான்.

தொலைபேசித் திருத்தப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன் நான். ஓய்வு பெற்ற பின்னர் வீடுகளுக்கு வைஃபை போட்டுக் கொடுத்தேன். கம்பி இழுப்பது, பெட்டி பொருத்துவது எல்லாம் நீங்கள் இப்போது என்னைவிட நன்றாகச் செய்கிறீர்கள். அதனால் அந்தக் கதையை விட்டுவிடுகிறேன். என் கையால் ஒரு குடும்பம் ஒரு வாரம் பயந்து கிடந்த கதையைச் சொல்கிறேன்.

புத்தளம் பக்கம் கனமூலை என்ற ஊரில் ரிஸானா என்று ஒரு பிள்ளை. கணவன் பாயிஸுக்குக் கட்டாரில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகளோடு அவள் தனியாக இருந்தாள். வீடு நீளமானது. ரவுட்டர் முன்னறையில் இருந்தது. சமைக்கிற குசினிக்குப் போனால் வீடியோ அழைப்பில் பாயிஸின் முகம் திரையில் அப்படியே உறைந்து நிற்கும். பின்னறையில் மூத்த மகள் படிக்கும்போது போனில் வரும் பாடம் பாதியில் நின்றுவிடும்.

புதுசு வாங்க வசதி இல்லை என்றாள். புத்தளம் டவுனில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் மூன்று வெள்ளைப் பெட்டிகள் இருப்பதைப் பார்த்து வைத்திருந்தேன். கீறல் இல்லை, சூடாகவும் இல்லை. "நல்ல சாமான் தங்கச்சி, பயப்படாம வாங்கலாம்," என்று நான்தான் சொன்னேன்.

அவள் வாங்கினாள். ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பொருத்தினேன். ஜும்ஆத் தொழுகைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கடைக்காரர் ஒரு துண்டுக் கடதாசியில் பழைய வைஃபைப் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதித் தந்திருந்தார். முதல் பெட்டியை ரவுட்டரோடு இணைத்து, மற்ற இரண்டையும் நடு அறையிலும் குசினிப் பக்கமும் சொருகினேன். இரண்டு நிமிடத்தில் மூன்றிலும் பச்சை வெளிச்சம். குசினியில் நின்று பாயிஸோடு கதைத்தோம். மனிதர் பக்கத்து வீட்டில் இருப்பதுபோல் தெளிவாகத் தெரிந்தார்.

"ரெடியாவே வந்திரிக்கி," என்று சொல்லிக்கொண்டு பள்ளிவாசலுக்கு ஓடினேன். பெட்டியின் பின்னால் ஊசித் துளையொன்று இருக்கிறதே, அதை அழுத்திப் பழையதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கியிருக்க வேண்டும். பத்து நிமிட வேலை. வேலை செய்கிற சாமானை ஏன் கலைக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

முதல் கிழமை ஏழு நாளும் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் கிழமை ரிஸானா அழைத்தாள். அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நானா என்றுதான் என்னைக் கூப்பிடுவாள்.

"நானா, டிவில மட்டும் நெட் இல்ல. போனுக்கெல்லாம் வருது."

"அணைச்சிட்டுப் போடுங்க தங்கச்சி."

இரண்டு நாள் கழித்து மகளின் போனில் இல்லை. டிவியைத் தவிர மற்றது எல்லாவற்றிலும் இருந்தது. அடுத்த நாள் ரிஸானாவின் போனிலேயே இல்லை. ஒவ்வொரு முறையும் நான் வீட்டிலிருந்தபடியே, "பழைய பெட்டிதானே, கொஞ்சம் அப்பிடித்தான்," என்று சொன்னேன். அது என் இரண்டாவது பிழை. வயசான சாமான் மெதுவாகும், சூடாகும், ஒரேயடியாக நிற்கும். இன்றைக்கு டிவி, நாளைக்கு மகளின் போன் என்று ஆள் பார்த்துத் தெரிவு செய்யாது. அது என் புத்திக்கு எட்டவில்லை. ரிஸானாவுக்கு எட்டியிருந்தது.

"நானா, யாரோ இரிந்து பாக்கிற மாதிரி இரிக்கி," என்றாள் மூன்றாவது முறை. நான் சிரித்தேன்.

அடுத்த நாள் மஃரிப் தொழுகை முடிந்து இருட்டிய பிறகு மறுபடி அழைத்தாள். வீட்டில் எந்தப் போனிலும் வைஃபை இல்லை. தேடிப் பார்த்தால் பழைய பெயரைக் காணோம். அந்த இடத்தில் வேறொரு பெயர், தமிழ் வார்த்தை ஆங்கில எழுத்தில்: யார் நீ.

"குசினிக்குப் போனா அங்கயும் சிக்னல் முழுசாக் காட்டுது. புள்ளைகள்ட அறைக்குள்ள போனா அங்கயும். எண்ட வீட்டுக்குள்ள இரிந்து கேக்குது நானா, யார் நீ எண்டு."

எல்லாப் பெட்டியையும் கழற்றி வைக்கச் சொன்னேன். காலையில் வருகிறேன் என்றேன்.

காலையில் போனபோது பிள்ளைகள் இருவரையும் அவள் தன் உம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தாள். யன்னல் எல்லாம் சாத்தியிருந்தன. பாயிஸ் கட்டாரிலிருந்து போனில் இருந்தார். ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் வைத்திருந்தாள்.

"நானா, இது எண்ட தம்பிட வேல," என்றார் பாயிஸ், என் ஸலாத்துக்குப் பதில் சொன்ன கையோடு.

தம்பி என்றது இர்ஷாத்தை. வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வளவில் வீடு, மதுரங்குளியில் போன் திருத்தும் கடை. வேலி விஷயமாக அண்ணன் தம்பிக்குள் ஏற்கெனவே ஒரு மனக்கசப்பு. பெட்டி பொருத்திய புதிதில் இர்ஷாத் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கியிருந்தான். டிவி நின்ற அன்றைக்கு வேலிக்கு அப்பால் நின்று, "என்ன மதினி, இன்டைக்கு டிவி சத்தத்தையே காணோம்?" என்று கேட்டும் இருக்கிறான். அண்டை வீட்டுக்காரன் யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் பயந்த மனசுக்கு அதுவே சாட்சி.

"யார் நீ எண்டு தமிழ்ல எழுதியிரிக்கி நானா. வெளிநாட்டுக்காரன் எழுதுவானா? நம்மட ஆள்தான். அவனுக்குத்தான் இந்த வேல தெரியும்," என்றார் பாயிஸ். "நான் லீவு போட்டுட்டு வாறேன். தரல்ல எண்டா வேலைய விட்டுட்டு வாறேன்."

ரிஸானா அணைத்துவிட்ட பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பெட்டிகளைச் சொருகி, அவற்றை நடத்துகிற செயலியை என் போனில் திறந்தேன். அந்த முதல் வெள்ளிக்கிழமையே அதைத் திறந்திருக்க வேண்டும். பெட்டியைத் தேடிப் பிடித்தது. பிறகு ஒரு வரி வந்தது. இந்தப் பெட்டிகள் ஏற்கெனவே இன்னொருவரின் கணக்கில் இருக்கின்றன.

அந்த ஒரு வரியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முன்னைய சொந்தக்காரர் தன் கணக்கிலிருந்து பெட்டிகளை விடுவிக்கவே இல்லை. நானும் அழிக்கவில்லை. அவர் உலகத்தில் எங்கேயிருந்தாலும் இந்த வீட்டில் எத்தனை போன் இருக்கிறது, எது எப்போது விழித்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். எதையும் நிறுத்தலாம், பெயரையும் மாற்றலாம். இர்ஷாத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தெரிந்தது.

"என்ன நானா? அவன்தானே?" என்று போன் கேட்டது.

என் சட்டைப் பையில் ஊசி இருந்தது. அந்தத் துளையில் வைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்தினால் போதும், எல்லாம் அழிந்துவிடும். பழுது தீர்ந்தது என்று சொல்லி நல்ல பெயரோடு எழும்பிப் போகலாம். ஊசியை வெளியே எடுத்தும்விட்டேன். ஆனால் அழித்துவிட்டால், செய்தது யார் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். இர்ஷாத் சாகும்வரை அந்த வீட்டில் கள்ளன்தான். ஊசியைத் திரும்பப் பைக்குள் போட்டேன். அது நான் அன்று செய்த ஒரே சரியான காரியம்.

அதோடு வாயையும் திறந்திருக்க வேண்டும். "இது என் பிழை, உங்கட தம்பியா இரிக்க ஏலாது" என்று சொல்வதற்கு எத்தனை நேரம் வேண்டும்? நான் சொன்னது, "கொஞ்சம் பாக்கணும்" என்பது மட்டும்தான். ஆதாரம் கையில் இல்லாமல் பேசக் கூடாது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம்தான். நல்ல காரணத்துக்குப் பின்னால் கெட்ட காரணமும் ஒளிந்துகொள்ள இடமிருக்கும். இத்தனை வருட வேலைக்காரன், ஒரு பெட்டியை அழிக்காமல் பொருத்தினான் என்ற பேச்சு வெளியே போகக் கூடாது என்று நினைத்தேன். அதுதான் உண்மை.

பெட்டிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு புத்தளம் கடைக்குப் போனேன். கடைக்காரர் கணக்குக் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, கண்டக்குழி என்ற ஊரில் திரேசம்மா என்று ஒரு பெண் விற்றதாகச் சொல்லி நம்பரைத் தந்தார். அடித்தால் எடுக்கவில்லை. பலமுறை அடித்தேன். பொழுது சாய்ந்துவிட்டது. காலையில் நேரே போவோம் என்று வீட்டுக்கு வந்தேன்.

ரிஸானா அழைத்தாள். "நானா, ஒண்டு மட்டும் சொல்லுங்க. இர்ஷாத்தா, இல்லியா?"

"நாளைக்குச் சொல்றேன் தங்கச்சி."

அவள் போனை வைத்தாள். என் மழுப்பலை அவள் எப்படி எடுத்துக்கொள்வாள் என்று நான் யோசிக்கவில்லை. இல்லை என்று சொல்லாதவன் ஓம் என்று சொன்னவன்தான்.

காலையில் பாலாவியில் திரும்பி, நுரைச்சோலை, ஏத்தாலை கடந்து கண்டக்குழிக்குப் போய்ச் சேர்ந்தேன். கோயிலுக்குக் கிட்ட விசாரித்ததும் வீட்டைக் காட்டினார்கள். வெயில் ஏறிவிட்டது. ஆனால் கதவு, யன்னல் எல்லாம் பூட்டியிருந்தன. கனமூலையில் முந்தின நாள் பார்த்த அதே கோலம்.

தட்டினேன். உள்ளே யாரோ உட்கார்ந்திருந்த கதிரை நகர்கிற சத்தம் கேட்டது. யன்னல் ஒரு விரல் அளவு திறந்தது.

"யார்?"

"வைஃபைப் பெட்டி விசயமா வந்தேன் அம்மா. நீங்க கடைக்குக் குடுத்த பெட்டி."

"நான் ஒருத்தருக்கும் கதவு திறக்கிறதில்ல. மகன் சொல்லியிருக்கிறான். போங்க."

"நான் வெளியிலயே நிக்கிறேன் அம்மா. நீங்க திறக்க வேணாம். ஒரே ஒரு கேள்வி. அந்தப் பெட்டிய வித்தது மகனுக்குத் தெரியுமா?"

யன்னல் இன்னும் ஒரு விரல் திறந்தது. பிறகு அவர் மெதுவாகக் கதைத்தார். மகன் அன்ரன் இத்தாலியில் இருக்கிறான். ஊருக்கு வந்தபோது அம்மாவுக்காக அந்தப் பெட்டிகளைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அங்கிருந்தபடியே எல்லாம் பார்ப்பான். ஏன் அம்மா இன்றைக்கு நேரத்தோடு போனை அணைத்தீர்கள், ஏன் காலையில் நெடுநேரம் வெளியே போனீர்கள் என்று கேட்பான்.

"பாசத்திலதான் கேக்கிறான். எனக்குத்தான் மூச்சு முட்டினது," என்றார். "புது இணைப்போட வேற பெட்டி வந்தது. இதுகளக் குடுத்திட்டன். இடி விழுந்து பழுதாப் போச்செண்டு அவனுக்குச் சொன்னன்."

இப்போது என்ன நடந்தது என்று உங்களுக்கும் விளங்கியிருக்கும். பழுதாய்ப் போன பெட்டி ஒரு வெள்ளிக்கிழமை அவனுடைய போனில் உயிரோடு வந்திருக்கிறது. அம்மா திருத்திவிட்டார் என்று முதலில் சந்தோசப்பட்டிருக்கிறான். பிறகு பார்த்தால், தனியாக இருக்கும் அம்மாவின் வீட்டில் அறியாத டிவி, அறியாத போன்கள். பெட்டியில் பார்த்ததைச் சொல்லாமல், வீட்டில் யார் என்று கேட்டால் அம்மா ஒருவரும் இல்லை என்கிறார். யாரோ ஒளிந்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டி, ஒவ்வொன்றாகத் தடுத்திருக்கிறான். கடைசியில், வந்திருக்கிறவனைப் பயமுறுத்தப் பெயரையும் மாற்றியிருக்கிறான். தெரியாத நம்பரை எடுக்காதே, கதவைத் திறக்காதே என்று அம்மாவுக்குக் கட்டளை போட்டிருக்கிறான்.

"ஒரு கிழமையா நித்திரை இல்ல தம்பி," என்றார் திரேசம்மா. "அலுமாரிக்குப் பின்னாலயும் பாத்திட்டன், கட்டிலுக்குக் கீழயும் பாத்திட்டன்."

அவரே மகனுக்கு வீடியோ அழைப்பு எடுத்து, யன்னலூடாகப் போனை எனக்கு நீட்டினார். என் முகத்தைக் கண்டதும் அவன் கத்தத் தொடங்கினான். நான் அவனைக் கத்தவிட்டேன். மூச்சு வாங்க நிறுத்தியபோது, கையிலிருந்த வெள்ளைப் பெட்டியைத் தூக்கிக் காட்டினேன்.

"இது இப்ப ஒங்கட அம்மாட வீட்டுல இல்ல மகன். கனமூலையில, ரெண்டு பொம்பிளைப் புள்ளைகளோட ஒரு பொம்பிளை தனியா இரிக்கிற வீட்டுல இரிந்திச்சி. அழிக்காமப் போட்டது நான். எண்ட பிழைதான்."

யாரிடமாவது அதைச் சொன்னது அப்போதுதான் முதல் முறை.

அவன் முகம் மாறியது. "அப்ப நான் தடுத்தது..."

"அந்தப் புள்ளைட போன. அவட டிவிய."

"மாதாவே," என்றான். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒரு பொம்பிளைட வீட்டுக்குள்ளயா பூந்து நிண்டனான்?" என்றான்.

பக்கத்தில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. திரேசம்மா வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். "நான்தான் மகன் வித்தனான்," என்றார். அவர்கள் இருவரும் கதைக்கட்டும் என்று நான் வேலிக் கதவான படலைப் பக்கம் போய் நின்றேன். கதைத்து முடிந்ததும் அன்ரன் தன் கணக்கிலிருந்து பெட்டிகளை விடுவித்தான். மாலையில் கனமூலைக்கு ஒரு அழைப்பு எடுக்க முடியுமா என்று கேட்டேன். கட்டாயம் எடுக்கிறேன் என்றான்.

கனமூலைக்கு வரும்போது அஸர் தொழுகை முடிந்து மாலையாகியிருந்தது. வழி நெடுகச் சொல்லவேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். வாசலில் ரிஸானாவின் உம்மா நின்றார். முந்தின நாள் இரவு நடந்ததை அவர் வாயால்தான் கேட்டேன். நான் "நாளைக்குச் சொல்றேன்" என்று சொன்ன கையோடு, நான் மறுக்கவில்லை என்று ரிஸானா கணவனுக்குச் சொல்லியிருக்கிறாள். பாயிஸ் தம்பியை அழைத்து, வாயில் வரக்கூடாததை எல்லாம் சொல்லித் தூற்றியிருக்கிறார். இர்ஷாத் படலைக்கு வந்து, "எண்ட போன எடுத்துப் பாருங்க, எண்ட கடைய வந்து பாருங்க," என்று கத்தியிருக்கிறான். ஊர் கூடியிருக்கிறது. அன்றைக்கு அவன் கடையும் திறக்கவில்லை.

"இர்ஷாத்தக் கூப்பிடுங்க," என்றேன். "அவர் வந்தாத்தான் சொல்லுவேன்."

வர மாட்டேன் என்று சொல்லியனுப்பினான். நானே போனேன். அவன் வளவில் நின்றபடி, "நீதான் இல்ல தம்பி. எனக்கு அது தெரியும். வந்து எல்லாருக்கும் முன்னால கேளு," என்றேன். அவன் இடுப்புச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். ஆனால் வீட்டுக்குள் ஏறவில்லை, படியில் நின்றான்.

பாயிஸ் போனில். ரிஸானாவும் உம்மாவும் உள்ளே. நான் நடுவில். வெள்ளிக்கிழமை அவசரத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். துளையைக் காட்டினேன், ஊசியைக் காட்டினேன். முந்தின நாள் பகலே எனக்கு விளங்கியதையும், வாய் திறக்காமல் போனதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் படியில் நின்றவனைப் பார்த்துக்கொண்டு அதை மட்டும் விழுங்க முடியவில்லை. சொன்னபடி அன்ரனும் அழைத்து ரிஸானாவிடம் மன்னிப்புக் கேட்டான். அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான். "ஒங்கட உம்மா இப்ப கதவு திறந்தாவா?"

எல்லாம் முடிந்த பிறகு இர்ஷாத் என்னைப் பார்த்தான். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"நேத்துப் பகலே ஒங்களுக்குத் தெரியும், இல்லியா நானா?"

"ஓம்."

"நேத்தே சொல்லியிரிந்தா எண்ட மகள் இன்டைக்கு ஸ்கூலுக்குப் போயிரிப்பா. பஸ்ஸுக்கு நிண்ட எடத்துல புள்ளைகள் என்னமோ கேட்டிரிக்கிதுகள். திரும்பி ஓடி வந்திட்டா."

பெட்டியை அழிக்காததற்கு அவசரம் என்று ஒரு சாக்குச் சொல்லலாம். அந்த ஒரு நாளுக்குச் சாக்கே கிடையாது. நாளைக்கு உங்களில் யாருக்கும் இப்படி ஒரு பிழை வரும், வராமல் இருக்காது. அப்போது முதலில் பெட்டியைத் தொடாதீர்கள். பிழை யாருடையது என்பதைச் சொல்லுங்கள். ஆதாரத்தைத் தேடப் பிறகு போகலாம்.

மேசைமேல் இருந்த போனிலிருந்து பாயிஸின் குரல் வந்தது. "இர்ஷாத்... அங்கயா நிக்கிறாய்?"

ரிஸானா போனை எடுத்துக்கொண்டு படிக்கு வந்து நீட்டினாள். அவன் உடனே வாங்கவில்லை. நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. கடைசியில் அவன் வாங்கினான். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, தென்னைகளுக்குள் நடந்துபோனான். அண்ணன் என்ன சொன்னார், தம்பி என்ன சொன்னான் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. ஒரு கட்டத்தில் அவன் தோளால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது.

நான் பெட்டிகளை எடுத்து வைத்து, ஊசியால் துளையை அழுத்தினேன். மூன்றையும் அழித்து, ரிஸானாவின் கணக்கில் புதிதாகத் தொடங்கினேன். கடவுச்சொல்லை அவளே தட்டும்படி போனைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இர்ஷாத் திரும்பி வந்தான். போனை ரிஸானாவிடம் கொடுத்தான். ஒரு படி ஏறினான்.

"மதினி," என்றான், "புதுப் பாஸ்வேர்ட எனக்குத் தராதீங்க."

"சரி," என்றாள் ரிஸானா. பிறகு அழத் தொடங்கினாள்.